மல்லிகை பெர்ஃப்யூம் ஏன் மல்லிகை மாதிரி மணப்பதில்லை?

நித்தியகல்யாணி:

மல்லிகை என்று பெயர் போட்ட பெர்ஃப்யூம்கள் சிலவற்றை அடித்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றுகூடப் பூவை மூக்கருகே வைத்த மாதிரி இல்லை. ஒன்று சோப்பு வாசம் அடிக்கிறது, இன்னொன்று ஒரேயடியாகத் திகட்டுகிறது. "அந்தக் காலத்தில் நிஜப் பூவிலிருந்து எடுத்தார்கள், இப்போது எல்லாமே கெமிக்கல், அதான்" என்கிறாள் தோழி. உண்மையா? அப்புறம், எத்தனையோ புது வாசனைகள் வந்தும் எங்கே திரும்பினாலும் பூ வாசனையாகவே இருக்கிறதே, அது ஏன்?

பழங்குப்பி:

உங்கள் தோழி சொல்வதில் பாதிதான் சரி. நிஜப் பூவிலிருந்தே எடுத்தாலும் குப்பிக்குள் வருவது அப்படியே பூவின் மணமாக இருக்காது. வாசனை எண்ணெய்களைக் கலந்து பார்ப்பது எனக்குப் பல வருடப் பித்து, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரோஜா சூட்டைத் தாங்கும், நீரோடு காய்ச்சி வடிக்கலாம். பல்கேரியாவின் கசன்லாக் பகுதியில் இன்றும் அப்படித்தான் எடுக்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 3,500 முதல் 4,000 கிலோ பூ வேண்டும். ஆனால் ரோஜா மணத்தில் பெரும்பங்கு வகிக்கும் ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் தண்ணீரோடு போய்விடும். அவ்வளவு அரிதான எண்ணெயைவிடப் பன்னீர் பூவுக்கு நெருக்கமாகத் தோன்றுவது அதனால்தான்.

மல்லிகைக்கு அந்தச் சூடு ஆகாது. பிரான்சின் கிராஸ் நகரத்தார் அதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். கிராஸ் முதலில் தோல் பதனிடும் ஊர். தோல் கையுறைகளின் நாற்றம் போக மணமூட்டத் தொடங்கி, பிறகு மணத்தையே தொழிலாக்கிக்கொண்டார்கள். மரச்சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி, அதன்மேல் சுத்தப்படுத்திய கொழுப்பைப் பூசி, பூக்களைப் பரப்பி வைப்பார்கள். மறுநாள் வாடியவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் புதுப் பூக்கள். வாரக்கணக்கில் இதே வேலை. கடைசியில் கொழுப்பை ஆல்கஹாலில் அலசி மணத்தைப் பிரிப்பார்கள். பறித்த பிறகும் மல்லிகையும் சம்பங்கியும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், அதனால்தான் இந்த முறை பலித்தது. மனிதக் கைகள் செய்த வேலைகளில் இவ்வளவு பொறுமையானது வேறொன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெட்ரோலிய ஈதர் போன்ற கரைப்பான்கள் புழக்கத்துக்கு வர, இது மெல்ல ஓய்ந்தது.

சரி, உங்கள் சோப்பு வாசத்துக்கு வருகிறேன். கரைப்பானில் எடுத்த மல்லிகைச் சாறு ஒரு துளியைக் காகிதப் பட்டையில் தொட்டு முகர்ந்தால், முதலில் வாழைப்பழம் போன்ற ஓர் இனிப்பு எழும். அது பென்சைல் அசிடேட். கொஞ்சம் பொறுத்தால் அடியிலிருந்து பாச்சை உருண்டை நெடி வரும், அதோடு மாட்டுக்கொட்டில் சாயலும் கலந்திருக்கும். அது இண்டோல். மலத்திலும் இருக்கும் அதே பொருள்தான். அளவு மிகக் குறைவு, ஆனால் அதை எடுத்துவிட்டால் மல்லிகை செத்துவிடும். யாருக்கும் முகம் சுளிக்கக் கூடாது என்று அதைக் குறைத்து, இனிப்பை மட்டும் நிறுத்தும்போதுதான் நீங்கள் சொல்லும் சோப்பும் திகட்டலும் வருகின்றன. கெமிக்கல் என்பதால் அல்ல, துணிச்சல் போதாததால்.

பூ வாசனை ஏன் ஓய்வதில்லை என்பதற்கும் என் பதில் இதில்தான் இருக்கிறது. சந்தனத்துக்கோ எலுமிச்சைக்கோ ஒரு குணம் ஓங்கி நிற்கும். மல்லிகையில் இனிப்பும், பச்சையும், அழுகலும் ஒன்றாகவே இருக்கின்றன. கலப்பவர் கை வைக்கும் முன்பே அது முழுமையான ஒரு கலவை. எத்தனை பேர் எத்தனை விதமாக எடுத்தாண்டாலும் ஏதோ ஒன்று மிச்சம் இருக்கும்.

குடுவைக்காரன்:

கெமிக்கல் இல்லாமல் சில பூக்கள் குப்பிக்குள் வந்தே இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வயலட் பூவிலிருந்து மணம் எடுப்பது கட்டுப்படியாகாத வேலை. 1893-இல் ஜெர்மனியில் டீமான், க்ரூகர் இருவரும் அதே சாயல் கொண்ட ஐரிஸ் கிழங்கை ஆராயப்போய் அயோனோன் என்ற மணப்பொருளைத் தயாரித்தார்கள். அதன்பிறகுதான் வயலட் வாசனை எல்லார் கைக்கும் எட்டியது.

அயோனோனின் விசித்திரம், முகர்ந்த சில நொடிகளில் மறைந்துவிடும், சற்று விட்டு முகர்ந்தால் திரும்ப வரும். மணம் எங்கும் போவதில்லை, மூக்குதான் அதற்குத் தற்காலிகமாக மரத்துப்போகிறது. போதாக்குறைக்கு, மூக்கில் மணத்தை உணரும் ஓர் ஏற்பியின் மரபணு வேறுபாட்டால், அயோனோனின் ஒரு வகையான பீட்டா அயோனோனைச் சிலர் மலர் மணமாக உணர்கிறார்கள், சிலருக்கு அது புளித்த நெடி. ஆக, நீங்களும் தோழியும் ஒரே குப்பியை முகர்ந்து சண்டை போட்டால் இருவருமே சரியாக இருக்கலாம்.

நித்தியகல்யாணி:

இண்டோல் விஷயம் எனக்கு ரொம்பப் புதிது, இருவருக்கும் நன்றி. அப்படியானால் பழைய புகழ்பெற்ற பெர்ஃப்யூம்களை இன்று வாங்கினால் அன்றைய மணமே கிடைக்குமா? இன்னொன்று, பூ வாசனை என்றாலே பெண்களுக்கு என்றுதான் எழுதியிருக்கிறது. என் தம்பிக்குப் பிடித்திருக்கிறது, கூச்சப்படுகிறான்.

பழங்குப்பி:

தம்பியை முதலில் கவனிப்போம். 1966-இல் தியோர் நிறுவனம் ஆண்களுக்கென்று வெளியிட்ட ஓ சொவாஜ், எலுமிச்சை வாசனைக்குப் பேர்போனது. அதற்குள் காற்றோட்டம் தந்தது ஹெடியோன் என்ற பொருள், மல்லிகையை ஆராய்ந்ததில் கிடைத்தது. ஆண்கள் அன்றிலிருந்தே மல்லிகைச் சாயலைப் பூசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், பெட்டியில் எழுதவில்லை, அவ்வளவே. தாராளமாகப் போடச் சொல்லுங்கள்.

ஓ சொவாஜைச் செய்த எட்மண்ட் ரூட்னிட்ஸ்காதான் அதற்கு முன் 1956-இல் தியோரிஸ்ஸிமோ என்ற பெர்ஃப்யூமையும் செய்தவர். லில்லி ஆஃப் த வேலி என்ற அந்தச் சின்ன வெள்ளை மணிப்பூ எந்த முறையிலும் உருப்படியாக எண்ணெய் தராது. அந்தப் பூவைத் தன் தோட்டத்திலேயே வளர்த்து, முகர்ந்து முகர்ந்து, வேறு பொருள்களைக் கொண்டே அதன் மணத்தைக் கட்டினார். அந்தப் பூவிலிருந்து ஒரு சொட்டும் இல்லாத அந்த மணத்தில் பூ முழுசாக இருக்கிறது. எனக்கு அதன்மேல் தீராத மரியாதை.

பழைய மணம் அப்படியே கிடைக்குமா என்றால், பெரும்பாலும் கிடைக்காது. ஒவ்வாமைக் காரணங்களால் பல பொருள்களுக்கு அளவுக் கட்டுப்பாடு வந்துவிட்டது. மணிப்பூ வாசனைகளில் நிறையப் பயன்பட்ட லிலியால் என்ற செயற்கைப் பொருளை, இனப்பெருக்கத்துக்குத் தீங்கு என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சிலிருந்து அழகுசாதனங்களில் தடை செய்துவிட்டது. பாதுகாப்பு முக்கியம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கலவையை மாற்றிவிட்டுப் பழைய பெயரை மட்டும் வைத்திருப்பதை வாங்குபவரிடம் சொல்ல வேண்டாமா? அதுதான் என் ஆதங்கம்.

அடுத்த முறை வாங்கும்போது எந்த மல்லிகை என்று பாருங்கள். சாம்பாக் என்று போட்டிருந்தால் குண்டுமல்லி, கிராண்டிஃப்ளோரம் என்றால் ஜாதிமல்லி. கிராஸில் வளர்ந்தது ஜாதிமல்லிதான், 1921-இல் வந்த ஷனெல் நம்பர் 5-க்குள் இருப்பதும் அதுவே. உங்கள் மனதில் இருப்பது குண்டுமல்லி என்றால், எத்தனை உயர்ந்த ஜாதிமல்லி வாசனையைக் கொடுத்தாலும் "இது இல்லையே" என்றுதான் தோன்றும். அடித்த உடனே முடிவு கட்டாதீர்கள். முதலில் ஆல்கஹால் ஆவியாகட்டும். ஒரு மணி நேரம் கழித்து மணிக்கட்டை முகர்ந்து, அந்தப் பாச்சை உருண்டைச் சாயல் லேசாகவாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தக் குப்பியை வாங்கலாம்.