பாறை அடுக்கின் வயதைச் சொல்வது புதைபடிவமா, சாம்பலா?

உட்லண்ட்ஸ் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகளைப் பள்ளி விடுமுறையில் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். திரும்பும் வழியில் பேருந்தில் அவள் கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் விடை சொல்ல இயலவில்லை. பெர்மியன் காலத்தின் முடிவில், 25 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல்வாழ் இனங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்தன என்று பாடநூல்கள் சொல்கின்றன. இந்தப் புதைபடிவம் இருப்பதால் இது பெர்மியன் அடுக்கு என்கிறோம். பெர்மியன் அடுக்கில் கிடைத்ததால் இது இத்தனை கோடி ஆண்டுப் பழைமையான புதைபடிவம் என்கிறோம். இரண்டும் ஒன்றையொன்று சாட்சிக்கு அழைத்தால், அது எப்படி நிரூபணம் ஆகும் என்பதே அவள் கேள்வி. என் தந்தையின் ஊர் அரியலூர்ப் பக்கம். அங்குள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் கடல்வாழ் உயிர்களின் படிவங்கள் கிடைக்கின்றன. அவற்றின் வயதை எப்படிக் கணித்தார்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஜூரோங் வெஸ்ட் ஆசிரியர்:

வணக்கம், சகோதரி. உங்கள் மகள் சரியான இடத்தில்தான் ஐயப்பட்டிருக்கிறாள். புதைபடிவம் தருவது வரிசையை மட்டுமே. எந்த உயிரினம் முன்னது, எது பின்னது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ஆண்டுக் கணக்கு முற்றிலும் வேறொரு பொருளிலிருந்து, எரிமலைச் சாம்பலில் உள்ள சிர்கான் என்னும் படிகத்திலிருந்து வருகிறது. அந்தப் படிகத்திற்கும் புதைபடிவத்திற்கும் எந்தத் தொடர்பும் இல்லாததால் வாதம் சுற்றி வருவதில்லை.

இதற்குச் சீனாவின் செஜியாங் மாநிலத்தில் உள்ள மெய்ஷான் என்ற இடத்தை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. பெர்மியன் காலம் முடிந்து டிரையாசிக் காலம் தொடங்கும் எல்லைக்கு உலகப் பொது அடையாளமாக 2001இல் ஏற்கப்பட்ட பாறைமுகம் அதுவே. அங்கு 27ஆம் அடுக்கின் உள்ளே, விலாங்கு போன்ற ஒரு சிறு கடல்விலங்கின் பல்லாகிய ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற நுண்படிவம் முதன்முதலாகத் தோன்றும் மட்டத்தை எல்லையாகக் கொண்டார்கள். அந்தச் சுண்ணாம்புக்கல்லில் நேரடியாக அளப்பதற்கு ஏற்ற படிகம் இல்லை. ஆனால் அதற்குக் கீழே 25ஆம் அடுக்கும் மேலே 28ஆம் அடுக்கும், எங்கோ வெடித்த எரிமலைகளின் சாம்பல் படிந்து களிமண்ணாக மாறியவை. இரண்டு சாம்பல் அடுக்குகளுக்கும் இடையே ஒரு முழ உயரம்கூட இல்லை. பேரழிவின் உச்சம் முழுவதும் அந்த இடைவெளிக்குள் அடங்கியிருக்கிறது.

சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. ஈயத்தை ஏறக்குறைய முழுமையாக ஒதுக்கிவிடுகிறது. ஆகவே பின்னாளில் அதற்குள் காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்து பிறந்ததே. யுரேனியம் 238இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 446.8 கோடி ஆண்டுகள், யுரேனியம் 235இன் அரை ஆயுள் 70.4 கோடி ஆண்டுகள். ஒரே படிகத்திற்குள் இரண்டு கடிகாரங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதால், இரண்டும் ஒரே வயதைக் காட்டுகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. 2014இல் வெளியான அளவீட்டின்படி அழிவு தொடங்கியது 25 கோடியே 19 இலட்சத்து 41 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். முடிந்தது 25 கோடியே 18 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். இடைப்பட்ட காலம் சுமார் 60,000 ஆண்டுகள்தான்.

கிளமெண்டி ஆய்வகப் பணியாளர்:

ஆசிரியர் எழுதியதை ஏற்கிறேன். ஆனால் அந்த 60,000 என்ற எண்ணை அதன் பிழை வரம்பு இல்லாமல் எழுதக் கூடாது. அதனுடன் கூட்டல் கழித்தல் 48,000 என்பதும் சேர்ந்தே வெளியானது. அழிவு 12,000 ஆண்டுகளில் முடிந்திருக்கலாம், ஒரு இலட்சத்துக்கும் மேல் நீண்டிருக்கலாம். இரண்டும் வரம்புக்கு உட்பட்டவையே.

இந்த நுட்பமும் எளிதில் கைகூடவில்லை. அதே எல்லைக்கு 1998இல் 25 கோடியே 14 இலட்சம் என்றும், 2004இல் 25 கோடியே 26 இலட்சம் என்றும் எண்கள் வெளியாயின. முக்கியக் காரணம், கதிர்வீச்சால் சேதமடைந்த பகுதிகளிலிருந்து ஈயம் கசிந்து, படிகத்தை இளையதாகக் காட்டிவிடுவது. படிகத்தை உயர் வெப்பத்தில் பதப்படுத்தி, சேதமடைந்த பகுதியை ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் கரைத்து நீக்கிவிட்டு, எஞ்சியதை மட்டும் அளக்கும் முறை 2005க்குப் பிறகே பரவலாயிற்று. எதிர்த்திசையிலும் பிழை நேரும். எரிமலை வெடிப்பதற்கு வெகுகாலம் முன்பே பாறைக்குழம்பில் விளைந்த படிகங்களும் சாம்பலில் கலந்திருக்கும். அதனால் ஒரு படிகத்தை நம்பாமல் பலவற்றை அளந்து, இளைய தொகுப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தத் தேர்வில் மனித முடிவு இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

புதைபடிவத்தின் பக்கத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஓர் இனத்தின் கடைசிப் படிவம் கிடைக்கும் மட்டம், அந்த இனம் உண்மையில் மறைந்த மட்டத்திற்குக் கீழேதான் பெரும்பாலும் இருக்கும். அரிதான இனங்களில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. இதனால் திடீர் அழிவுகூடப் படிப்படியான அழிவைப் போலத் தோன்றும். இதை 1982இல் சிக்னரும் லிப்ஸும் விளக்கினார்கள்.

உட்லண்ட்ஸ் வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. பிழை வரம்பைப் பற்றிய பகுதியை மகளிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். அப்படியானால் மணற்கல்லிலிருந்து சிர்கானை எடுத்து அளந்தால் போதாதா, சாம்பலை ஏன் தேட வேண்டும் என்கிறாள்.

ஜூரோங் வெஸ்ட் ஆசிரியர்:

போதாது. மணற்கல்லில் உள்ள சிர்கான் வேறு பாறைகள் தேய்ந்து, ஆற்றோடு வந்து சேர்ந்தது. அதன் வயது தாய்ப்பாறையின் வயதே. அந்த மணல் அதற்குப் பிறகு எப்போதோ படிந்தது என்ற மேல்வரம்பை மட்டும் அது தரும். நம் புக்கிட் தீமா கருங்கல்லில் சிர்கான் நேரடியாகப் பாறையின் வயதைச் சொல்கிறது, ஏனெனில் இரண்டும் ஒரே குழம்பில் உறைந்தவை. சிங்கப்பூரின் மேற்கே உள்ள ஜூரோங் மணற்கற்களில் அதே சிர்கான் அப்படிச் சொல்லாது.

அரியலூருக்கு வருகிறேன். அங்கே கிரெட்டேசியஸ் காலத்தின் முடிவு, அதாவது சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய எல்லை, கல்லமேடு அடுக்குகளுக்கும் நின்னியூர் அடுக்குகளுக்கும் நடுவே வருகிறது. கீழே உள்ள கடலடுக்குகளில் அம்மோனைட்டுகள் என்னும், இன்று அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிர்கள் உண்டு. மேலே நின்னியூரில் அவை இல்லை, அவற்றின் உறவினமான ஹெர்கோகுளாஸா டேனிகா என்ற நாட்டிலாய்டு, அதாவது ஓடுடைய இன்னொரு கடலுயிர், வகையே இருக்கிறது. இடையில் உள்ள கல்லமேடு ஆற்று மணல் என்பதால் கடல்வாழ் உயிர்களின் பதிவு அங்கு அறுபடுகிறது. எனவே அரியலூரில் வரிசை உள்ளூர்ப் படிவங்களிலிருந்தும், ஆண்டுக் கணக்கு அதே எல்லையைக் காட்டும், அமெரிக்காவின் மொண்டானா மாநில நிலக்கரி அடுக்குகளுக்கு இடையே உள்ள சாம்பல் போன்ற வெளிச் சான்றுகளிலிருந்தும் வருகின்றன. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, படிவம் கிடைத்த அடுக்கின் மேல் என்ன இருக்கிறது, கீழ் என்ன இருக்கிறது என்பதையும் மகள் குறித்துக்கொள்ளட்டும். இடம் குறிக்கப்படாத படிவத்திலிருந்து அந்த வரிசையைக்கூட மீட்க முடியாது.