ஆள் படம் எடுத்து என்ன கண்டோம்? தருமபுரி, கிருஷ்ணகிரி போட்டோக்காரர்களின் அனுபவப் பகிர்வு

பாலக்கோடு ஸ்டுடியோக்காரர்:

கல்யாண ஆர்டரில்தான் காசு, ஆள் படம் எடுத்து என்ன அண்ணா கண்டீங்க என்று தொழிலுக்கு வந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார். நான் கண்டதைச் சொல்கிறேன்.

நம் பக்கம் கேமரா பிடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். "கொஞ்சம் சிரிங்க" என்றால் நடுத்தர வயதுக்காரர்கள் பலர் உதட்டை இன்னும் இறுக்கிக்கொள்வார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கூச்சம் என்று நினைப்பார்கள். காரணம் பல். நம் போர்வெல் தண்ணீரில் பல ஊர்களில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. அதற்கு மேல் உள்ள தண்ணீரைப் பல் உருவாகும் வயதில் குடித்து வளர்ந்தால் எனாமலிலேயே காவி ஏறிவிடும். என்ன தேய்த்தாலும் போகாது. பல்லைப் பார்த்து நின்றுபோன சம்பந்தங்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. அதனால் சின்ன வயதிலிருந்தே வாயை மூடிச் சிரித்துப் பழகிவிடுகிறார்கள்.

ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகைக்கு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க மகனோடும் பேத்தியோடும் வந்தார். அந்தப் படம் ஒரு நிமிட வேலை. முடிந்ததும், "இந்தக் குட்டியோட ஒண்ணு எடு சாமி" என்றார். ஸ்டூலில் உட்காரவைத்து, பேத்தியைப் பக்கத்தில் நிறுத்தினேன். பாப்பாவுக்கு அப்போதுதான் முன்பல் விழுந்திருந்தது. "பல்லு எங்க பாப்பா போச்சு?" என்றேன். "கூரை மேல போட்டுட்டேன், ஆயா பல்லையும் போடச் சொன்னேன், போட மாட்டேங்குது" என்று புகார் சொன்னாள். பாட்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடனே முந்தானை வாய்க்குப் போனது. பாப்பா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அந்த நொடியில் எடுத்தேன். ஓட்டைப் பல்லும் காவிப் பல்லும் ஒரே படத்தில்.

கம்ப்யூட்டரில் பார்த்த மகன், "பல்லை மட்டும் வெள்ளை பண்ணிடுங்கண்ணா" என்றார். பாட்டி திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தார். தன் சிரிப்பை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். "வெள்ளை பண்ணா நான் யாருன்னு இவ கேப்பாடா, வுடு" என்றார். அப்படியே பிரிண்ட் போட்டு, லேமினேஷன் செய்து கொடுத்தேன். அதன் பிறகு அந்த ஊரிலிருந்து வருகிறவர்கள், "அந்த ஆயாவை எடுத்த மாதிரி எடுங்க" என்று கேட்டு வருகிறார்கள். இதற்கு மேல் இந்தத் தொழிலில் என்ன வேண்டும்?

காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது. அந்தத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகள் இப்போது பத்தாவது ஹால் டிக்கெட் படத்துக்கு வருகிறார்கள். அவர்களில் பலர் பல் தெரியத்தான் சிரிக்கிறார்கள், மூடச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு ஜில்லாவின் முகம் மாறுவதை ஸ்டூலுக்கு எதிரே நின்று பார்க்கிறவன் நான்.

காவேரிப்பட்டணம் தம்பி:

அண்ணா, படிச்சதும் எனக்கும் சொல்லணும்னு தோணிச்சு. எருது விடும் விழா சீசனில் ஒருவர் மாட்டோடு வீட்டு வாசலில் படம் வேண்டும் என்றார். கொம்பில் அலங்காரத் தட்டி, கழுத்தில் மாலை எல்லாம் கட்டி வைத்திருந்தார். நான் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். அவர் மாட்டின் தாடையில் கை வைத்ததும் அது கண்ணை மூடி முகத்தைச் சாய்த்தது. ஜன்னல் அளவுக்குப் பெரிதாக பிரேம் போட்டு வாங்கினார். மாடு போன பிறகும் அந்தப் படத்துக்குப் பொங்கல் அன்று பொட்டு வைக்கிறார்கள்.

தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தவனைக் கையில் வில்லோடு கல்லில் செதுக்கி, பேரையும் வட்டெழுத்தில் வெட்டி நட்டிருக்கிறார்கள். ஆளையும் மாட்டையும் மறக்காமல் வைத்துக்கொள்வது இந்த மண்ணில் ரொம்பப் பழைய வேலை. அந்த வரிசையில் நானும் ஒருத்தன் என்று நினைக்கும்போது கேமராவைத் தூக்க இன்னும் தெம்பு வருகிறது.

அரூர் அக்கா:

நான் போட்டோக்காரி இல்லை, எடுத்துக்கொண்டவள். எங்கள் பக்கம் ஆள் போன பிறகுதான் படம் தேடுவோம். வாக்காளர் அட்டையில் இருக்கும் முகத்தைப் பெரிதாக்கி, யாரோ ஒருவர் சட்டையை ஒட்டி, பின்னாடி நீலக் கலர் போட்டு மாட்டுவார்கள். எங்கள் தாத்தா அப்படித்தான் சுவரில் இருக்கிறார். அவர் சட்டையே போட்டதில்லை.

அதனால் அப்பாவை உயிரோடு இருக்கும்போதே எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். "எனக்கு இப்பவே மாலையா?" என்று கோபப்பட்டார். எடுக்க வந்த அண்ணன் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்து, இந்த வருஷம் புளி என்ன விலை போச்சு என்று கேட்டார். அப்பா வியாபாரிகளைத் திட்ட ஆரம்பித்தார், கை விரித்து, துண்டை உதறி. அப்போதுதான் எடுத்தார். அப்பா இப்போது இல்லை. ஆனால் சுவரில் இருப்பது எங்கள் அப்பாதான், திட்டுகிற அப்பா. அந்த அண்ணனுக்குக் கொடுத்த காசு எவ்வளவென்று மறந்துவிட்டது. அவர் பேரை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை.

பாலக்கோடு ஸ்டுடியோக்காரர்:

அக்கா, புளி விலை கேட்ட அந்த ஆள் யாராக இருந்தாலும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர்.

வெளிச்சம் எப்படி வைத்தீர்கள் என்று தம்பிகள் இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். நேராக ஃபிளாஷ் அடிக்காதீர்கள், நெற்றியும் பல்லும் பளிச்சென்று தனியாகத் தெரியும். வெயில் நேராக விழாத கதவோரம் அல்லது ஜன்னலோரம் உட்காரவையுங்கள், வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிட எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் போதும். 85 எம்.எம். லென்ஸ் இருந்தால் நல்லது, இல்லையென்றால் 50 எம்.எம். போடுங்கள். காட்சியை அகலமாகக் காட்டும் வைட் லென்ஸைப் போட்டு முகத்துக்குக் கிட்டப் போனால் மூக்கு பெருத்துவிடும். அப்புறம், வயதானவர்கள் வந்தால் உள்ளே நுழைந்ததும் ஸ்டூலில் ஏற்றாதீர்கள். தண்ணீர் கொடுத்து, ஊரைக் கேட்டு, கொஞ்ச நேரம் பேசவிடுங்கள். வெளியே அடுத்த ஆள் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.