பேக்எண்ட் வரும் முன்பே திரைகளைக் கட்டுவது: மாக் ஏபிஐ எப்படி அமைப்பது?

தளவரிசை:
வணக்கம். ரியாக்ட், வீட், டைப்ஸ்கிரிப்ட் புராஜெக்ட். ஆர்டர் பட்டியல், விவரப் பக்கம், தேடல், எடிட் ஃபார்ம் ஆகிய திரைகள் வேண்டும். பேக்எண்ட் (சர்வர் பக்க) டீம் இன்னும் டேட்டாபேஸ் டேபிள் வடிவமைப்பிலேயே இருக்கிறது, அதனால் அதுவரை போலிப் பதில் தரும் மாக் ஏபிஐ வேண்டும். இப்போதைக்கு ஒவ்வொரு காம்பொனென்டுக்குள்ளும் ஓர் அரே எழுதி ஓட்டுகிறோம். ஒரு ஜேசன் ஃபைலையே ஏபிஐயாக ஓட்டும் ஜேசன்-சர்வர் போதுமா, பிரவுசரிலேயே ரிக்வெஸ்ட்டை மறிக்கும் எம்எஸ்டபிள்யூ (மாக் சர்வீஸ் வொர்க்கர்) தேவையா? டேட்டாவைக் கையால் எழுதுவதா, ஃபேக்கரை (போலி டேட்டா தயாரிக்கும் லைப்ரரி) விட்டு உருவாக்குவதா? நிஜ ஏபிஐ வந்த அன்று எதெல்லாம் உடையும்?

யாம்ல்_வாசி:
டூலை அப்புறம் பார்க்கலாம், முதலில் பேக்எண்ட் ஆட்களைப் பிடித்து உட்காருங்கள். டேபிள் முடியாவிட்டாலும் பதிலின் வடிவத்தை இப்போதே பேசி முடிக்க முடியும். ஓபன்ஏபிஐ (ஏபிஐயை விவரிக்கும் பொது வடிவம்) யாம்ல் ஃபைல் ஒன்றில் ஒவ்வொரு எண்ட்பாயிண்டுக்கும் (ஏபிஐ முகவரிக்கும்) பாதை, வெற்றிப் பதில், பிழைப் பதில் மூன்றையும் எழுதுங்கள். பிழைப் பதிலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஃபார்மில் எந்தக் கட்டத்துக்குக் கீழே எந்தச் செய்தி வரும் என்பதே அதை வைத்துத்தான் இருக்கிறது.

கேட்டே ஆக வேண்டியவை: எந்த ஃபீல்ட் நல் (null, வெற்று மதிப்பு) ஆக வரலாம், எது வராமலே போகலாம் (இரண்டும் ஒன்றல்ல), தேதி யுடிசியில் வருமா, தொகை முழு எண்ணா, ஸ்ட்ரிங்கா, பக்கம் பிரிப்பது ஆஃப்செட்டா (இத்தனையைத் தாண்டி), கர்சரா (இந்த ஆர்டருக்குப் பிறகு). ஐடி எண்ணா ஸ்ட்ரிங்கா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும். அதைத் தாண்டிய 64 பிட் ஐடி எண்ணாக வந்தால், ஜேசனைப் பிரிக்கும்போதே கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும். 1, 2, 3 என்று ஐடி போட்ட மாக்கில் இது ஒருநாளும் தெரியாது.

யாம்ல் கிடைத்ததும் ஓபன்ஏபிஐ-டைப்ஸ்கிரிப்ட் என்ற டூலை வைத்து டைப்களை உருவாக்கி, மாக் டேட்டாவுக்கும் அதே டைப்பைக் கொடுங்கள். நாளைக்கு ஒரு ஃபீல்டின் பெயர் மாறினால் மாக் கம்பைல் ஆகாமல் நிற்கும், அதுதான் வேண்டும். உடனே ஒரு சர்வர் வேண்டுமென்றால் பிரிஸம் என்ற மாக் சர்வர் டூலுக்கு அந்த யாம்லைக் கொடுத்தால் 4010 போர்ட்டில் ஓடும். ரிக்வெஸ்ட்டில் ப்ரிஃபர் ஹெடர் வைத்து 404 கோடைக் கேட்டால், யாம்லில் எழுதியுள்ள 404 பதிலையே திருப்பித் தரும். ஆனால் அதற்கு நினைவு கிடையாது. போஸ்ட் செய்த (புதிதாக அனுப்பிய) ஆர்டர் அடுத்த கெட் (படிக்கும்) ரிக்வெஸ்ட்டில் வராது.

நெட்வொர்க்_டேப்:
மேலே சொன்னதற்கு உடன்படுகிறேன், நான் டூல் பக்கம் வருகிறேன்.

ஜேசன்-சர்வர் ஐந்து நிமிட வேலை. ஆனால் வெப்பில் கிடைக்கும் பதில்கள் 0.17 வெர்ஷனுக்கும் 1 வெர்ஷனுக்கும் கலந்து கிடக்கின்றன. 0.17-இல் ஒரு பக்கத்துக்கு எத்தனை என்பது லிமிட் என்ற பெயரில், மொத்த எண்ணிக்கை ஹெடரில். 1-இல் பெயரும் மாறிவிட்டது, பக்க விவரங்கள் பதிலின் உடலுக்குள்ளேயே வருகின்றன, தாமதம் கொடுக்கும் டிலே ஆப்ஷனும் எடுக்கப்பட்டுவிட்டது. வெர்ஷனைப் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள். இன்னொன்று, போஸ்ட் செய்வதெல்லாம் டிபி ஃபைலிலேயே எழுதப்படும், கிட்டில் தினமும் தேவையில்லாத டிஃப் நிற்கும். மூல ஃபைலைத் தனியே வைத்து, ஸ்டார்ட் ஸ்கிரிப்ட்டில் நகலெடுத்து ஓட்டுங்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, உங்கள் திரை ஜேசன்-சர்வரின் வினவல் முறைக்குப் பழகிவிடும். நிஜ பேக்எண்ட் அப்படிப் பேசாது.

அதனால் என் ஓட்டு எம்எஸ்டபிள்யூவுக்கு. அது சர்வீஸ் வொர்க்கர் (பிரவுசரில் பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட்) வழியாக ரிக்வெஸ்ட்டை மறிப்பதால் உங்கள் ஃபெட்ச் கோடில் ஒரு வரிகூட மாற வேண்டாம், நெட்வொர்க் டேபிலும் ரிக்வெஸ்ட் தெரியும். இனிட் கமாண்ட் கொடுத்து வொர்க்கர் ஃபைலைப் பப்ளிக் ஃபோல்டரில் போடுங்கள், ஹேண்ட்லர்களை (எந்த ரிக்வெஸ்ட்டுக்கு எந்தப் பதில் என்பதை) எழுதுங்கள், ஸ்டார்ட் செய்யுங்கள். அந்த ஸ்டார்ட் ஒரு பிராமிஸ் (சற்றுப் பிறகு முடியும் வேலை). அவெய்ட் போடாமல் ரெண்டர் செய்தால் முதல் ரிக்வெஸ்ட் மட்டும் நழுவி வீட் சர்வருக்குப் போகும். வீட் தெரியாத பாதைக்கு இண்டெக்ஸ் ஹெச்டிஎம்எல்லை 200 நிலையோடு அனுப்பும். கன்சோலில் ஜேசனில் எதிர்பாராத '<' என்ற பிழையைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஹேண்ட்லர் இல்லாத ரிக்வெஸ்ட்டுக்கான ஆப்ஷனை எரர் என்று வைத்தால், பாதையில் எழுத்துப் பிழை இருப்பதும் உடனே தெரியும்.

எம்எஸ்டபிள்யூ 2-ஆம் வெர்ஷனில், ஹேண்ட்லர் எழுதும் ரெஸ்ட் என்ற பெயர் போய் ஹெச்டிடிபி வந்துவிட்டது. பழைய பதில்களில் உள்ள ஹேண்ட்லர் வடிவம் ஓடாது. வெர்ஷனை ஏற்றினால் இனிட்டை மறுபடி ஓட்டுங்கள். சர்வீஸ் வொர்க்கர் ஹெச்டிடிபிஎஸ்ஸிலும் லோக்கல்ஹோஸ்டிலும் மட்டுமே இயங்கும். ஃபோனில் ஐபி முகவரி போட்டுச் சாதா ஹெச்டிடிபியில் திறந்தால் மாக் வேலை செய்யாது.

ஓரநிலை:
டேட்டா பற்றி யாரும் பேசவில்லையே.

எண்ணிக்கையை நிரப்ப ஃபேக்கர், சிக்கலான நிலைகளுக்குக் கையால் எழுதிய டேட்டா. இரண்டும் வேண்டும். 2022 ஜனவரியில் பழைய ஃபேக்கர் பேக்கேஜை அதன் ஆசிரியரே கெடுத்துவிட்டார். சமூகம் நடத்தும் ஃபேக்கர்-ஜேஎஸ்ஸை எடுங்கள். சீட் (seed, தொடக்க எண்) கொடுத்தால் ஒவ்வொரு முறையும் அதே பெயர்கள் வரும், ஆனால் தேதிகள் வராது. 'சமீபத்தில்' போன்ற தேதிகளை அது இப்போதைய நேரத்திலிருந்து கணக்கிடுகிறது. ரெஃபரன்ஸ் தேதியையும் நிலைநிறுத்தினால்தான் ஸ்னாப்ஷாட் டெஸ்ட் தினமும் உடையாமல் இருக்கும்.

கையால் எழுத வேண்டியவை: வெற்றுப் பட்டியல், ஒரே ஓர் ஆர்டர், பக்கத்துக்கு 20 என்றால் சரியாக 20 மற்றும் 21, இடைவெளியே இல்லாத நீளமான பெயர், பூஜ்யத் தொகை, திறக்காத பட முகவரி. தமிழ்ப் பெயர்களும் வையுங்கள். படம் இல்லாதவருக்கு முதல் எழுத்தை வட்டத்தில் காட்டும் கோட், 'மீனா'வுக்கு 'ம' என்று மட்டும் காட்டும். உயிர்மெய்க் குறி தனி கோட் பாயிண்ட் ஆயிற்றே. ஜாவாஸ்கிரிப்ட்டின் Intl.Segmenter-ஐ கிராஃபீம் (கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் அலகு) அளவில் பயன்படுத்தினால் 'மீ' முழுசாக வரும்.

அடுத்தது தாமதம். உடனே பதில் தரும் மாக்கில் லோடிங் நிலையை யாருமே பார்ப்பதில்லை. 100 முதல் 2000 மில்லிசெகண்ட் வரை மாறி மாறி வையுங்கள். தேடலில் 'ஆர்' என்பதன் பதில் 'ஆர்டர்' என்பதன் பதிலுக்குப் பிறகு வந்து பட்டியலை மேலெழுதும் பிழை அப்போதுதான் வெளியே வரும். அபார்ட் கன்ட்ரோலர் போட்டு முந்தைய ரிக்வெஸ்ட்டை நிறுத்துங்கள். டெலீட்டுக்கு 204 அனுப்பிப் பாருங்கள், உடல் இல்லாத பதிலை ஜேசனாகப் படிக்கப்போய் விழும் கோட் நிறைய. 500-க்கு ஜேசனுக்குப் பதில் ஹெச்டிஎம்எல் உடலும் ஒருமுறை அனுப்புங்கள், இடையில் நிற்கும் பிராக்ஸி அப்படித்தான் செய்யும். பிழைகளைத் தற்செயலாக வரவைக்காதீர்கள். முகவரியில் ஒரு பாராமீட்டர் வைத்து வரவழைத்தால், டெஸ்டர் சொன்ன பிழையை நீங்களும் திரும்பப் பார்க்கலாம்.

தளவரிசை:
நன்றி. நிஜ ஏபிஐ துண்டு துண்டாகத்தான் வரும். மாக்கை ஒரே நாளில் எடுக்க வேண்டுமா?

நெட்வொர்க்_டேப்:
வேண்டாம். தயாரான எண்ட்பாயிண்டின் ஹேண்ட்லரை மட்டும் பிரவுசர் பட்டியலிலிருந்து எடுங்கள், ஹேண்ட்லர் இல்லாததற்கான ஆப்ஷனை பைபாஸுக்கு (மறிக்காமல் விடுவதற்கு) மாற்றுங்கள். அது வீட் பிராக்ஸி வழியாக நிஜ பேக்எண்டுக்குப் போகும். ஆனால் பிராக்ஸி இருக்கும்வரை எல்லாம் ஒரே ஆரிஜினாகத் தெரிவதால் கோர்ஸ் (CORS, வேறு டொமைனுக்கான அழைப்பை பிரவுசர் தடுக்கும் விதி) பிழை மறைந்திருக்கும். புரொடக்‌ஷனில் (பயனர்கள் பயன்படுத்தும் தளத்தில்) ஏபிஐ வேறு டொமைனில் இருக்கப்போகிறது என்றால், பிராக்ஸி இல்லாமல் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஹேண்ட்லர் ஃபைலை அழிக்காதீர்கள், செட்டப்-சர்வர் வழியாக நோடில் அதே ஹேண்ட்லர்கள் டெஸ்டுக்கு ஓடும். வொர்க்கர் ஃபைல் பப்ளிக்கில் இருப்பதால் பில்டிலும் சேரும், அதை டிஸ்ட் (பில்ட் வெளியீட்டு) ஃபோல்டரிலிருந்து நீக்க பில்ட் ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மாக் இம்போர்ட்டையும் டெவ் நிபந்தனைக்குள் டைனமிக் இம்போர்ட்டாக வைத்தால் ஃபேக்கர் பண்டிலுக்குள் வராது.