மறு: இம்பாஸ்டோ, பேலட் நைஃப் – தமிழில் என்ன சொல்வது?

வணக்கம்.

ஓவியச் சொற்களுக்குத் தமிழ்ப் பட்டியல் போடும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மேற்கோளாக இருக்கும் வரிகள் இங்கே மற்றவர்கள் எழுதியவை, அவற்றுக்குத்தான் பதில். புதிதாக வருபவர்களுக்கு: இம்பாஸ்டோ என்பது வண்ணத்தை மேடு தெரியத் தடிமனாகப் போடுவது, பேலட் நைஃப் என்பது வண்ணம் குழைக்கவும் போடவும் வைத்திருக்கும் தகட்டுக் கருவி. நேற்று ஒரு பூச்செடிப் படம், அக்ரிலிக் என்ற தண்ணீர் கலந்த வண்ணத்தில், தூரிகையே தொடாமல் பேலட் நைஃபால் போட்டுப் பார்த்தேன், கை கழுவியும் நகக்கண்ணில் இன்னும் சிவப்பு போகவில்லை. வேலை செய்யும்போது வாய் தானாக என்னென்ன சொல் சொல்கிறது என்று கவனித்தேன். அதை வைத்துத்தான் எழுதுகிறேன், அகராதி பார்த்து அல்ல.

> இம்பாஸ்டோ = தடிப்பூச்சு

தப்பில்லை. ஆனால் சுவருக்கு மூன்று கோட்டிங் அடித்தால் அதுவும் தடிப்பூச்சுதானே? பூச்சு என்றதும் நமக்குச் சமமாக, மேடு பள்ளம் தெரியாமல் மூடுவதுதான் நினைவுக்கு வரும். இங்கே மேடு தெரிய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு வண்ணத்தைச் செலவழிக்கிறோம். இத்தாலியச் சொல்லின் வேரே மாவு பிசைவதில்தான் இருக்கிறது, பாஸ்டா என்று தட்டில் வருகிறதே அதே வேர். அவர்கள் அடுப்படியிலிருந்து எடுத்த மாதிரி நாமும் எடுக்கலாம்: அப்புதல். சந்தனம் அப்புகிறோம், காலில் சேறு அப்பிக்கொள்கிறது, கல்யாண வீட்டில் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு வந்தவரைப் பற்றி நாலு பேர் பேசுகிறார்கள். எல்லா இடத்திலும் பொருள் நிறைய இருக்கிறது, ஒட்டுகிறது, எழும்பி நிற்கிறது. ஆகவே 'அப்பல்', 'அப்பல் ஓவியம்'. 'அப்பு' என்று நிறுத்தினால் அப்பாவைக் கூப்பிடுவதுபோல் ஆகிவிடும், அதனால் அப்பல்.

கேலியாக இருக்கிறது என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். இருக்கட்டும். 1874இல் பாரிஸில் ஓவியர் மோனேயும் நண்பர்களும் தாங்களே கண்காட்சி வைத்தபோது, மோனேயின் துறைமுக விடியல் படத்தின் தலைப்பில் இருந்த 'இம்ப்ரெஷன்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு லூயி லெருவா என்ற விமர்சகர் ஒரு நையாண்டிப் பத்திரிகையில் கிழித்தார். அந்தக் கிண்டல்தான் இன்று அந்த இயக்கத்துக்கே பெயர்: இம்ப்ரெஷனிசம், தமிழில் மனப்பதிவியம்.

> பேலட் நைஃப் = வண்ணக்கத்தி / தீட்டலகு

இங்கேதான் எனக்கு உண்மையான சண்டை. முதலில், பேலட் நைஃப் என்று நாம் சொல்வது இரண்டு கருவிகள். நீளமாக, கழுத்து ஏறக்குறைய நேராக இருப்பது பலகையில் வண்ணம் குழைக்க. கழுத்து வளைந்து, தகடு இலை மாதிரியோ முக்கோணமாகவோ இருப்பது கித்தானில், அதாவது ஓவியத் துணியில், போட. கடையில் இரண்டையும் ஒரே பெயரில் கேட்கிறோம், அதனால் நானே ஒருமுறை தவறானதை வாங்கி வந்து, முட்டியெல்லாம் ஈர வண்ணத்தில் உரசி, பாதிப் படத்தைக் கையாலேயே அழித்தேன். கழுத்து ஏன் வளைந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த வளைவை வேறு எங்கே பார்த்திருக்கிறோம்? கொத்தனார் கையில். சாந்தை எடுத்து அப்பும்போது விரல் சுவரில் படக்கூடாது என்பதற்காகத்தான் அவருடைய கரண்டிக்கும் கழுத்து வளைந்திருக்கிறது. வடிவமும் அதே, வேலையும் அதே. ஓரத்தால் வழித்து எடு, அமுக்கு, இழு, தூக்கு. இது எதையும் வெட்டுவதில்லை, அப்புறம் எதற்குக் கத்தி? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவர்கள் பொருள் பட்டியலில் 'கத்தி' என்று எழுதி அனுப்பிவிட்டுப் பெற்றோரிடம் படும் பாட்டையும் யோசியுங்கள்.

தீட்டலகு கேட்க நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அலகு என்றால் இன்றைக்குப் பாதிப் பேருக்கு அளவைதான், மீதிப் பேருக்குக் குருவி மூக்கு. என் பரிந்துரை: போடுவதற்கு 'அப்புக்கரண்டி', குழைப்பதற்கு 'குழைதகடு'. சுவருக்குப் பட்டி பார்ப்பவர்கள் பிளேடு என்றோ தகடு என்றோதான் சொல்கிறார்கள், தகடு அங்கிருந்து வந்தது. கரண்டி என்றால் குழம்புக் கரண்டி நினைவுக்கு வருமே என்று கேட்பீர்கள். கொத்தனாரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

> மனப்பதிவிய ஓவியம் என்றாலே இந்தத் தடித்த முறைதான், ஆகவே ஒரே சொல் போதும்

இல்லை, இதைக் கலக்கக் கூடாது. மனப்பதிவியம் பார்வையைப் பற்றியது, அந்த நேரத்து வெளிச்சம் கண்ணில் எப்படி விழுந்தது என்பது. அப்பல் கையைப் பற்றியது. மோனேயின் 1873ஆம் ஆண்டுப் பாப்பி வயல் படத்தை, பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருப்பது, பெரிதாக்கிப் பாருங்கள். பாப்பி என்றால் நம் கசகசாச் செடிக்கு உறவு. பூ என்று அங்கே ஒன்றுமே வரையவில்லை, வெறும் சிவப்புப் பொட்டுகள், கிட்டே இருப்பவை அளவுக்கு மீறிப் பெரியவை. எல்லாம் தூரிகை வேலை. கரண்டியில் முரட்டுத்தனமாக இழைத்தவர்கள் அவருக்கு முன்னால் கூர்பே என்ற ஓவியர், அப்புறம் 1860களில் இளம் ஓவியர் செசான். மேலும் இவர்கள் எல்லாரும் எண்ணெய் வண்ணக்காரர்கள், அக்ரிலிக் கடைக்கு வந்ததே இருபதாம் நூற்றாண்டின் நடுவில். நாம் இன்று அக்ரிலிக்கில் கரண்டியால் பூந்தோட்டம் போடுவது அவர்கள் பார்வையை வேறு கையால் செய்து பார்ப்பது. ஆகவே இரண்டு சொல் வேண்டும்.

எண்ணெயும் அக்ரிலிக்கும் காயும் விதத்துக்கும் சொல் வேண்டும், இதை யாரும் தொடவில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது, போட்ட மேடு ஏறக்குறைய அப்படியே நிற்கும், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அக்ரிலிக்கில் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, போன தண்ணீரின் இடம் காலியாகிறது. ராத்திரி நான் எழுப்பி வைத்த ரோஜா இதழ் முனைகள் காலையில் பார்த்தால் தலை தொங்கிக் கிடந்தன, நிறமும் ஒரு படி கருத்திருந்தது, ஏனென்றால் பால்போல இருந்த பசை காய்ந்து தெளிந்துவிட்டது. இந்த இறக்கத்துக்கு 'அமுங்கல்' என்றே போடலாம். வீட்டில் இட்லியைப் பற்றிச் சொல்லும் அதே சொல்.

அமுங்காமல் இருக்கப் பளிங்குப் பொடி கலந்த பசையை முதலில் வைத்து, அது காய்ந்த பிறகு மேலே நிறம் போடுவார்கள், மாடலிங் பேஸ்ட் என்பது. இதற்குச் 'சிற்பப் பசை' என்று ஒரு மடலில் பார்த்தேன். எதற்கு? தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க ரேக்கு ஒட்டும் முன் சுண்ணப் பொடியையும் பசையையும் குழைத்து மேடு எழுப்புகிறார்களே, அதை மக்கு வேலை என்கிறார்கள். மரத்தில் ஓட்டை அடைக்கும் தச்சரும் மக்கு என்கிறார். பொருளும் அதே, பயனும் அதே. மக்கு என்றால் படிப்பு ஏறாதவன் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், 'மக்குப் பசை' என்றால் குழப்பம் தீர்ந்தது.

> டெக்ஸ்சர் = சொரசொரப்பு

டெக்ஸ்சர் என்பது படத்தின் பரப்பு கண்ணுக்கும் கைக்கும் எப்படி இருக்கிறது என்பது, இதைக் கரண்டி பிடித்தவர் சொரசொரப்பு என்று சொல்லியிருக்க மாட்டார். வெள்ளையையும் இளஞ்சிவப்பையும் கலக்காமல் ஓரத்தில் சேர்த்து வழித்து எடுத்து, கித்தானில் அமுக்கி, அரை அங்குலம் இழுத்து, சட்டென்று தூக்கிப் பாருங்கள். நடுவில் கண்ணாடிபோல வழவழப்பு, அதில் இரண்டு நிறமும் கீற்றுக் கீற்றாக ஓடும். கரண்டி நின்ற ஓரத்தில் மட்டும் வண்ணம் ஒதுங்கி மேடாக நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் அந்த மேட்டின் நிழல்தான் இதழை இதழாகக் காட்டுகிறது. அந்த மேட்டுக்கு 'வரப்பு' என்று பெயர் வைத்தால் விளக்கமே தேவையில்லை, பாத்தி கட்டியவர் எல்லாருக்கும் தெரியும். மொத்தப் பரப்புக்கு 'மேடுபள்ளம்' என்றே விடலாம், அல்லது கலைச்சொல்லாகத்தான் வேண்டும் என்றால் 'பரப்பமைவு'. எனக்கு இது அரைமனசுதான்.

எனக்கே விடை தெரியாதது ஒன்று: மேல் வண்ணம் ஈரமாக இருக்கும்போதே அதைக் கரண்டி ஓரத்தால் எடுத்து அடி நிறத்தைக் காட்டுவது. 'சுரண்டல்' என்றுதான் வாய் சொல்கிறது, எழுதினால் முதலாளி தொழிலாளி ஞாபகம் வந்துவிடுகிறது. 'வழிப்பு' கொஞ்சம் தேவலை, ஆனால் 'விழிப்பு' என்று தட்டச்சுப் பிழையாகப் படிப்பார்கள். உங்கள் ஊரில் தேங்காய் எடுப்பதற்கோ சட்டியில் அடிப்பிடித்ததை எடுப்பதற்கோ வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள். அப்பல், அப்புக்கரண்டி, குழைதகடு, மக்குப் பசை, வரப்பு, அமுங்கல் ஆறையும் ஞாயிறு இரவு வரை வைத்திருக்கிறேன், யாரும் அடிக்க வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.