செம்பருத்திச் சாறு சோடாவுக்கு மாறவில்லை, மஞ்சள் தாளும் சிவக்கவில்லை. எங்கே தவறு?

கேள்வி:
ஏழாம் வகுப்புக்கு நாளை மறுநாள் நிறங்காட்டிப் பாடம் (அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பொருள்கள்). செம்பருத்தி இதழ்களைப் போர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வைத்தேன். சாறு பச்சை கலந்த அழுக்கு ஊதாவாக வந்தது. எலுமிச்சை விட்டால் சிவக்கிறது, ஆப்பசோடாவுக்கு மாற்றமே தெரியவில்லை. மஞ்சள்பொடியில் நனைத்த தாளும் ஷாம்பு தண்ணீரில் மஞ்சளாகவே இருக்கிறது. பூ சரியில்லையா?

பதில் 1:
பூவில் குறை இல்லை டீச்சர், தண்ணீர்தான். போர் தண்ணீரில் பைகார்பனேட் உப்பு இருக்கும். கொதிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, காரத்தன்மை இன்னும் ஏறும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது அந்த உப்பிலிருந்து வரும் கார்பனேட்தான். சோடா போடுமுன்பே உங்கள் சாறு கார நிறத்துக்குப் போய்விட்டது.

கேன் தண்ணீர் எடுங்கள். ஐந்து சிவப்புப் பூ, இதழ் மட்டும். கொதித்து இறக்கிய 100 மில்லி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். ஒரு தேக்கரண்டி சாறுக்குச் சோதிக்கும் கரைசல் பத்துச் சொட்டு போதும். எதுவும் சேர்க்காத சாறு ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கட்டாயம் இருக்கட்டும், ஒப்பிட அது வேண்டும்.

பதில் 2:
ஷாம்பு பெரும்பாலும் நடுநிலைக்குப் பக்கத்தில் அல்லது லேசான அமிலமாக இருக்கும். தாள் மாறாததே சரியான விடை. துணி சோப்புக் கட்டியைக் கரைத்துத் தொடுங்கள், சிவக்கும். ஆப்பசோடாக் கரைசலின் பி.எச். (அமில-கார அளவு, 7 நடுநிலை) 8.3 அளவுதான், அதில் மஞ்சள் லேசாகத்தான் மாறும். சலவைச் சோடாவோ சுண்ணாம்புத் தெளிநீரோ பளிச்சென்று காட்டும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதையே வகுப்பில் முதலில் செய்து காட்டலாம்.

மஞ்சள் நிறமி தண்ணீரில் சரியாகக் கரையாது. ஒரு தேக்கரண்டிப் பொடியை இரண்டு மேசைக்கரண்டி சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்கித் தெளிந்ததில் தாளை நனைத்துக் காயவிடுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. செம்பருத்தித் தாள் செய்வதானால் ஏ4 தாள் வேண்டாம். பல தாள்களில் கால்சியம் கார்பனேட் கலந்திருக்கும், சாறு பட்டதுமே நிறம் கெடும். வடிதாள் நல்லது.

கேட்டவர்:
கேன் தண்ணீரில் சாறு நன்றாக வந்தது, சோடாவுக்குப் பச்சையானது. நன்றி. ஆனால் சுண்ணாம்புத் தண்ணீர் விட்ட கிண்ணம் அரை மணியில் மஞ்சளாகிவிட்டது, வினிகர் விட்டும் பழைய சிவப்பு வரவில்லையே?

பதில் 1:
கடுங்காரத்தில் பூவின் நிறமியே சிதைந்துவிடும், பிறகு திரும்பாது. பச்சையானதும் ஒரு நிமிடத்துக்குள் வினிகரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், பிள்ளைகள் கண் முன்னே சிவப்பு திரும்பும். மஞ்சள் கறையில் இந்த அவசரம் இல்லை: சோப்பில் சிவந்த இடத்தில் எலுமிச்சை தேய்த்தால் மஞ்சளாகும்.

சுண்ணாம்பை நீங்களே கரையுங்கள், கண்ணில் தெறித்தால் ஆபத்து. கழிவறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் மேசைக்கே வர வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சாறு வெளியில் வைத்தால் கெட்டுவிடும். ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, வகுப்புக்கு முன் வேண்டிய கட்டிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.