மோட்டார் ஓடும்போது மொபைல் ஸ்டார்ட்டர் அணைந்துவிடுகிறது

கேள்வி (பாபநாசம் வட்டம்):
வணக்கம். எங்கள் போர்வெல்லில் உள்ள 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டாருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மொபைல் ஸ்டார்ட்டர் பொருத்தினோம். பத்து நாள்களாக, கைப்பேசியில் அழைத்தால் மோட்டார் ஓடத் தொடங்கி, மூன்று நான்கு நிமிடங்களில் பெட்டியின் விளக்கு அணைந்து, மோட்டாரும் நின்றுவிடுகிறது. சற்று நேரத்தில் விளக்கு தானாகவே எரிகிறது. மின்சாரம் போனால் வரும் குறுஞ்செய்தியும் வருவதில்லை. சிம் கார்டை மாற்றியும் பயனில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தாலும், எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை குறுவை நாற்றங்காலுக்கு இந்த மோட்டார்தான் கதி. புதுப் பெட்டி வாங்க வேண்டுமா?

மறுமொழி (திருவையாறு, மோட்டார் மெக்கானிக்):
ஐயா, இப்போதைக்கு வாங்காதீர்கள். மோட்டார் நின்றதும் விளக்கு தானாக எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் துப்பு. மும்முனை மின்சாரத்தில் இரண்டு பேஸ்களிலிருந்துதான் (மின்முனைகளிலிருந்துதான்) உங்கள் பெட்டி மின்சாரம் எடுக்கும். அவற்றுள் ஒன்றின் இணைப்பு எங்கோ தளர்ந்திருந்தால், மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் அந்த இடம் சூடாகி, மின்னழுத்தம் இறங்கி, பெட்டி அணைந்து, மோட்டாரை இயக்கும் அதன் ரிலே என்னும் மின்விசை விடுபட்டு மோட்டார் நிற்கும். பாரம் நீங்கியதும் அழுத்தம் மீண்டுவிடும். ஆகவே மோட்டார் நிற்கும்போது மீட்டர் 415 வோல்ட் காட்டினாலும் அதை நம்பாதீர்கள். ஓடும்போது பெட்டியின் முனைகளில் மூன்று பேஸ்களையும் இரண்டிரண்டாக அளக்க வேண்டும். இதை ஒயர்மேனை வைத்தே செய்யுங்கள், ஈரத் தரையில் நின்று நீங்களே கைவைக்க வேண்டாம். குறுஞ்செய்தி வராதது வேறு கோளாறு: உள்ளே இருக்கும் சிறு பேட்டரி செத்திருக்கும்.

மறுமொழி (சொந்த ஊர் மன்னார்குடி, இப்போது கனடா):
இங்கே வீட்டுச் சூடேற்றியை இயக்கும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டிலும் இதே போன்ற தொல்லை உண்டு. 24 வோல்ட் மின்மாற்றியிலிருந்து அதற்கென்று பொதுக் கம்பி வராத பழைய வீடுகளில், அது சூடேற்றியை இயக்கும் கம்பி வழியாகவே மின்சாரத்தைக் கசியவிட்டு எடுத்துக்கொள்ளும். குளிர் கடுமையாகிச் சூடேற்றி நெடுநேரம் ஓடும் நாளில் போதிய மின்சாரம் கிடைக்காமல் அணையும். இங்கும் நாங்கள் முதலில் அளப்பது தெர்மோஸ்டாட்டுக்கு வந்து சேரும் மின்சாரத்தைத்தான்.

கேள்வி கேட்டவர்:
நேற்று ஒயர்மேன் வந்து அளந்தார். நிற்கும்போது மூன்று அளவுகளும் 405-ஐ ஒட்டி இருந்தன. ஓடிய இரண்டாம் நிமிடத்தில் ஆர் எனப்படும் முதல் பேஸ் சேர்ந்த இரண்டு அளவுகளும் 300 வோல்ட்டுக்குக் கீழே இறங்கின. மெயினை நிறுத்தி அந்த பேஸின் பீஸ் (ஃப்யூஸ்) கட்டையைப் பிடுங்கினால், பீங்கான் பழுப்பேறி, செம்பு நாக்கு கருத்து, அதன் பிடிப்பு விரிந்து கிடந்தது. அதில் வந்து சேரும் அலுமினியக் கம்பியின் முனை வெள்ளையாகப் பூத்திருந்தது. கட்டையை மாற்றி, கம்பி முனையை வெட்டிப் புதிதாக லக் (கம்பியை முனையில் பிணைக்கும் உலோகக் கொக்கி) அடித்தோம். இன்று காலை மோட்டார் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடியது.

மறுமொழி (திருவையாறு):
மகிழ்ச்சி ஐயா. மற்ற இரண்டு கட்டைகளும் அதே வயதுதான், அவற்றையும் மாற்றிவிடுங்கள். ஒரு பேஸ் மெலிந்த நிலையில் பத்து நாள் ஓடியிருப்பதால், மோட்டாரின் கம்பிச்சுருளில் (காயில்) மின்காப்பு நலமாக உள்ளதா என்று, காப்பை அளக்கும் மெக்கர் கருவி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.