வெயில் காயும் ஊரில் ஹீட் பம்ப் டிரையர் எதற்கு?

சரவணம்பட்டிவாசி

வணக்கம்ங்க. சரவணம்பட்டியில் அடுக்குமாடி, நான்காவது மாடி. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர், கூட அம்மா. பால்கனியில் வெளியே தெரிகிற மாதிரி துணி போடக்கூடாது என்று அசோசியேஷனில் சொல்லிவிட்டார்கள். மொட்டை மாடி வரை லிஃப்ட் போகாது. கடைசிப் படிக்கட்டை ஈரத்துணி வாளியோடு ஏற வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வலி. ஐப்பசி, கார்த்திகையில் ஹாலில் ஸ்டாண்டு போட்டு ஃபேனுக்கு அடியில் காயவைக்கிறோம். யூனிஃபார்மில் ஈர வாடை போகவே மாட்டேன் என்கிறது.

கடையில் துணி காயவைக்கிற டிரையரில் மூன்று வகை காட்டினார்கள். சூடான ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிற வென்டட், வாஷரும் டிரையரும் ஒன்றாக இருப்பது, அப்புறம் ஹீட் பம்ப். ஹீட் பம்ப்தான் விலை அதிகம், வென்டட்டைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. கரண்ட் மிச்சம் என்கிறார்கள். வாங்கலாமா? வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள், வேண்டாம் என்பவர்களும் சொல்லுங்கள்.

ஈரோட்டுக்காரர்

வேண்டாம்ங்க தம்பி. மலையின் மழை மறைவில் இருக்கிற சீமை நம்முடையது. கோயம்புத்தூரில் வருஷத்துக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை, சென்னையில் அதைப்போல இரண்டு பங்கு பெய்கிறது. எங்கள் ஊரில் காலையில் போட்ட துணியை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்து மடித்துவிடலாம். வெயில் கிருமியையும் ஓரளவு குறைக்கும். காசு இல்லாமல் கிடைப்பதை விட்டுவிட்டு அரை லட்சத்துக்கு மேல் கொடுத்து ஒரு பெட்டி வாங்கி, அதற்கு மாசாமாசம் கரண்ட் பில்லும் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வடவள்ளி அக்கா

அண்ணா, ஈரோட்டு வெயில் ஈரோட்டில்தான் அடிக்கிறது. வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் ஆனி, ஆடியில் வந்து பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரல் வந்துகொண்டே இருக்கும். பெரிய மழை இல்லை, ஆனால் துணி காயாது. போட்டதை எடுக்க, எடுத்ததைப் போட என்றே பொழுது போகும்.

என் வீட்டில் ஹீட் பம்ப் ஓடுகிறது. சரவணம்பட்டித் தம்பிக்காக அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உள்ளே ஏசியில் இருப்பது போலவே கம்ப்ரஸரும், ‘காயில்’ என்கிற குழாய்ச் சுருள் இரண்டும் உண்டு. துணியைத் தொட்டு வரும் ஈரக்காற்று முதலில் குளிர்ந்த காயில் மேல் போகும்போது, அதிலிருக்கிற ஈரம் தண்ணீராக இறங்கித் தொட்டியில் சேர்கிறது. காய்ந்த காற்று அடுத்து சூடான காயிலைத் தாண்டித் திரும்ப டிரம்முக்குள் போகிறது. ஒரே காற்றுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. ஈரம் தண்ணீராகும்போது விடுகிற சூட்டையே பிடித்து மறுபடி காற்றைச் சூடாக்குவதால்தான் கரண்ட் குறைவு. சுவரில் ஓட்டை போட வேண்டியதில்லை, அடுக்குமாடியில் அதுவே பெரிய விஷயம்.

உடுமலைக்காரன்

அக்கா சொன்ன கரண்ட் மிச்சம் உண்மை. ஆனால் அந்த மிச்சத்தால் விலை ஈடாகுமா என்று பார்க்க வேண்டும். கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

8 கிலோ துணியை நன்றாகப் பிழிந்தாலும் 4 முதல் 4.5 லிட்டர் தண்ணீர் துணியில் நிற்கும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 0.65 யூனிட் வேண்டும். அதாவது ஹீட்டர் வைத்த டிரையருக்குக் கிட்டத்தட்ட 3 யூனிட் அடிப்படைச் செலவு. வெளியே போகிற சூட்டையும் சேர்த்தால் 4, 5 யூனிட் ஆகிவிடும். ஹீட் பம்ப் அதே துணியை ஒன்றரை முதல் 2 யூனிட்டில் முடிக்கிறது. ஒரு தடவைக்கு 3 யூனிட் மிச்சம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம்.

யூனிட் 8 ரூபாய் என்றால் தடவைக்கு 24 ரூபாய். வாரம் மூன்று தடவை, வருஷம் முழுக்க ஓட்டினால் 3,700 ரூபாய் சுமார். விலை வித்தியாசம் 30,000 ரூபாய் இருந்தால் அதை எடுக்கவே எட்டு வருஷம் ஆகும். மழைக்காலத்தில் மட்டும் ஓட்டுகிறவருக்கு அந்தப் பணம் திரும்ப வரவே வராது. கரண்ட் மிச்சம் என்ற ஒரே காரணத்துக்காக நம் ஊரில் ஹீட் பம்ப் வாங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வடவள்ளி அக்கா

கணக்கு சரிதான்ங்க. ஆனால் நீங்கள் டிரையரை டிரையரோடு ஒப்பிடுகிறீர்கள். அவர் வீட்டில் வென்டட் வைக்கவே வழியில்லை. சுவரில் ஓட்டை போட விடமாட்டார்கள். குழாய் இல்லாமல் ஓட்டினால் 4 லிட்டர் தண்ணீரும் ஆவியாக வீட்டுக்குள்ளேயே வந்து சுவரில் பூஞ்சணம் பிடிக்கும்.

இன்னொன்றும் பாருங்கள். ஏற்கெனவே ஏசி, ஹீட்டர் ஓடுகிற வீட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் மேல் படிக்குப் போய்விடுகிறது. அந்த எல்லையில் நிற்கிறவருக்கு 3 யூனிட், 3 யூனிட்டாகச் சேர்வது சின்ன விஷயமில்லை.

ஐரோப்பாவில் ஏன் பழைய வகையை விட்டார்கள் என்றும் யோசியுங்கள். ஸ்விட்சர்லாந்தில் 2012 முதலே புதிதாக விற்பது ஹீட் பம்ப் மட்டும்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலையில் வந்த விதியோடு ஹீட்டர் டிரையர்கள் சந்தைக்கு வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

ஈரோட்டுக்காரர்

அங்கே அரை வருஷம் வெயிலே கிடையாது அம்மணி, அவர்களுக்கு டிரையர் இல்லாமல் முடியாது. பழைய டிரையரை விட்டுப் புது டிரையருக்கு மாறுகிறார்கள், அது நல்லதுதான். நாம் கொடிக்கயிற்றை விட்டு டிரையருக்கு மாறுகிறோம். சுழியில் இருந்த செலவு 2 யூனிட் ஆகிறது. இதை மிச்சம் என்று எப்படிச் சொல்வது?

சூட்டையும் மறக்க வேண்டாம். அந்தப் பெட்டியில் எழுதியிருக்கிற யூனிட் எல்லாம் சுமார் 23 டிகிரி அறையில் சோதித்துச் சொல்வது. நிறைய மாடல்களின் கையேட்டில் 5 முதல் 35 டிகிரிக்குள் வையுங்கள் என்றே போட்டிருக்கும். சித்திரையில் எங்கள் வீட்டு மாடி அறையில் 35 எப்போதோ தாண்டியிருக்கும்.

பனியன் கம்பெனி

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். செக்கிங்கில் இருந்து க்வாலிட்டி வரைக்கும் பார்த்தவன் என்பதால் துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கரண்ட் பற்றி இல்லை.

பனியன் துணி தறித்துணி மாதிரி இல்லை. நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்தது. பின்னும்போதும் சாயப்பட்டறையிலும் நீளவாக்கில் இழுபட்டே வருகிறது. காம்பாக்டிங்கில் அந்த இழுப்பை ஓரளவு எடுத்துவிட்டுத்தான் கட்டிங்குக்கு அனுப்புகிறோம். மிச்சம் இருப்பது, வீட்டில் நனைந்து டிரம்மில் உருளும்போது வெளியே வரும். நீளம் குறைந்து அகலம் கூடும். சூடு மட்டும்தான் காரணம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போது உருட்டிப் போடுவதும் அதே அளவு காரணம்.

அதனால் ஹீட் பம்ப்பில் காற்று 50, 60 டிகிரியில் நிற்பது துணிக்கு நல்லது, சாயம் மங்குவதும் எலாஸ்டிக் தளர்வதும் குறையும். ஆனால் சுருங்கவே சுருங்காது என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். ஏற்றுமதி டி-ஷர்ட்டை டம்பிள் டிரையரில் போட்டு அளந்து பார்த்த பிறகே அனுப்புகிறோம், ஏனென்றால் வாங்குகிறவர் வீட்டில் அப்படித்தான் காயவைப்பார். உள்ளூர்ச் சந்தைக்குத் தைக்கிற மலிவு உருப்படிக்கு அந்தக் கவனம் குறைவு. பிள்ளைகளுக்கு அதைக் கொஞ்சம் பெரிய சைஸாக எடுங்கள், இல்லை பாதி ஈரத்தில் வெளியே எடுத்து இழுத்துவிட்டு ஸ்டாண்டில் போடுங்கள்.

வால்பாறை

இங்கே வைகாசிக் கடைசியில் மழை பிடித்தால் புரட்டாசி வரை வெயிலை நம்ப முடியாது. மழைக்குப் பேர்போன சின்னக்கல்லாறு பக்கத்தில்தான் இருக்கிறது, சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு இந்த விவாதமே இல்லைங்க, வாங்கிவிட்டோம்.

ஆனைமலைத் தோப்பு

மழை இல்லாவிட்டாலும் எங்களுக்குக் கஷ்டம் உண்டு. பக்கத்தில் நார்க் களம். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் தேங்காய் நார்த் தூள் வந்து ஈரத்துணியில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை வேட்டியை உதறினாலும் போகாது, மறுபடி துவைக்கத்தான் வேண்டும். வெயில் இருந்தால் போதும் என்கிறவர்கள் காற்றில் என்ன வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஈரோட்டுக்காரர்

வேட்டி என்றதும் கேட்கிறேன். கஞ்சி போட்ட வேட்டியை அதில் போட முடியுமா? பட்டு? சென்னிமலைப் போர்வை?

வடவள்ளி அக்கா

பட்டு கூடவே கூடாது, கஞ்சித்துணியும் போட வேண்டாம். சேலை, வேட்டிக்கு நடப்பதை நேராகச் சொல்கிறேன். ஐந்தரை மீட்டர் காட்டன் சேலை உருண்டு உருண்டு கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். மேல் சுற்று மொறுமொறு என்று காய்ந்திருக்கும், பிரித்தால் நடுவில் சில்லென்று ஈரம். டிரம்மில் இருக்கிற உணரி மேல் துணியைத் தொட்டுப் பார்த்து ‘காய்ந்தது’ என்று நிறுத்திவிடும். நடுவில் ஒருமுறை நிறுத்திப் பிரித்துப் போட வேண்டும். தடித்த போர்வையை ஒன்றொன்றாகப் போட வேண்டும். இதெல்லாம் குறைதான், மறைக்கவில்லை. நேரமும் குறைதான். முழு லோடு காட்டன் என்றால் இரண்டரை, மூன்று மணி நேரம் எடுக்கும்.

ஆனால் துண்டு, பனியன், ஜட்டி, சாக்ஸ், யூனிஃபார்ம், படுக்கை விரிப்பு இவைதானே வாரம் முழுக்கக் குவிகிறது? போர்வெல் உப்புத் தண்ணீரில் துவைத்துக் கொடியில் போட்ட துண்டு அட்டை மாதிரி விறைத்து நிற்கும். டிரம்மில் உருண்ட துண்டு பஞ்சாக வருகிறது.

ஒன்று கேட்கிறேன் அண்ணா, தப்பாக நினைக்க வேண்டாம். வெயில் இலவசம்தான். வாளியை மாடிக்குத் தூக்கி, ஒவ்வொன்றாக உதறிப் போட்டு, கிளிப் மாட்டி, சாயங்காலம் எடுத்து வருகிற வேலையும் இலவசமா? நம் வீடுகளில் அந்த வேலை யார் தலையில் இருக்கிறது? அந்தத் தம்பி அம்மாவின் முழங்காலை வைத்துத்தான் கேட்டிருக்கிறார். உடுமலைக்காரர் போட்ட கணக்கில் அந்த வரி இல்லை.

ஈரோட்டுக்காரர்

அந்தக் கேள்வி நியாயம். அதற்கு என் பதில், மாடிக்கு லிஃப்ட் விடச் சொல்லி அசோசியேஷனிடம் கேட்க வேண்டும், வீட்டில் ஆம்பளைகள் வாளியைத் தூக்க வேண்டும் என்பதுதான். மிஷின் வாங்கித்தான் அந்தப் பாரத்தை இறக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் வீட்டில் துணி காயப்போடுவது நான்தான்.

தாராபுரம் மெக்கானிக்

ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வேலை பார்க்கிறேன். இரண்டு பக்கமும் சொல்லாத சிலது.

ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். காட்டன் துணி அதிகம் போட்டால், வலையில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி பஞ்சு படிந்திருக்கும், ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒரே தாளாக உரிந்து வரும். அதை இரண்டு, மூன்று தடவை விட்டுவிட்டால் பஞ்சு உள்ளே போய்க் குளிர் காயிலில் ஒட்டும். அப்புறம் மூன்று மணி நேரம் நான்கு ஆகும், கரண்ட் மிச்சமும் போய்விடும். சில மாடலில் சேர்கிற தண்ணீரையே அடித்துக் காயில் தானாகக் கழுவிக்கொள்ளும், ஆனால் ஒட்டிப்போன பஞ்சைக் கையால் எடுக்க வழி வைத்திருக்க மாட்டார்கள். கீழே கதவைத் திறந்து பிரஷ் விட முடிகிற மாடலை எடுங்கள் என்பேன்.

காயிலுக்குள் ஓடுகிற குளிரூட்டும் கேஸ் லீக் ஆனால் செலவு பெரிது. மூடிய சிஸ்டம், தெரிந்த ஆள் வேண்டும். சின்ன ஊர்களில் ஆள் கிடைப்பது கஷ்டம், சரவணம்பட்டியில் அந்தக் கவலை குறைவு. புது மாடல்களில் ஆர் 290 என்கிற புரொப்பேன் கேஸ் வருகிறது, எரியக்கூடியதுதான். சில நூறு கிராம் கூட இருக்காது என்பதால் பயப்பட வேண்டாம், ஆனால் தெரியாத ஆள் கையில் பற்றவைக்கக் கொடுக்கக்கூடாது.

வாஷரும் டிரையரும் ஒன்றாக இருப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவற்றில் பல, ஈரத்தைத் தண்ணீராக்கக் குழாய்த் தண்ணீரையே ஓடவிட்டுக் குளிர்விக்கும். காயவைக்கிறதுக்கும் தண்ணீர் செலவு. 8 கிலோ துவைத்தால் 5 கிலோதான் காயும், மீதியை வெளியே எடுக்க வேண்டும். லாரித் தண்ணீர் வாங்குகிற அடுக்குமாடிக்கு அது வேண்டாம்.

ஆனைமலைத் தோப்பு

தொட்டியில் சேர்கிற தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா அண்ணா? டிஸ்டில்டு வாட்டர் மாதிரிதானே?

தாராபுரம் மெக்கானிக்

ஊற்றாதீர்கள். உப்பு இல்லை என்பது சரி, ஆனால் பஞ்சுத் தூளும் சோப்பு மிச்சமும் அதில் இருக்கும், பேட்டரி கெட்டுவிடும். வீடு துடைக்க, செடிக்கு ஊற்ற எடுத்துக்கொள்ளலாம்.

சரவணம்பட்டிவாசி

எல்லாருக்கும் நன்றிங்க. ஹீட் பம்ப் எடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வெயில் நாளில் சேலை, வேட்டி, போர்வை மொட்டை மாடிக்கே போகும், அதை நான் தூக்கிக்கொண்டு போகிறேன். மற்றதெல்லாம் மிஷினில். யூட்டிலிட்டி இடம் சின்னது, வாஷிங் மெஷின் மேலேயே வைக்கலாமா? வாஷர் முன்பக்கக் கதவு மாடல்.

தாராபுரம் மெக்கானிக்

முன்பக்கக் கதவு என்றால் வைக்கலாம். நடுவில் போடுகிற ஸ்டாக்கிங் கிட் வாங்கிப் பூட்டுங்கள், வெறுமனே தூக்கி வைக்கக்கூடாது. முன்பக்கமும் பின்பக்கமும் காற்று போக இடம் விடுங்கள், அறைக் கதவைச் சாத்தி ஓட்ட வேண்டாம். இரண்டு யூனிட் கரண்டும் கடைசியில் அந்த அறையில் சூடாகத்தான் வந்து நிற்கும். வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்திச் சில மணி நேரம் சும்மா விட்டு, கம்ப்ரஸர் ஆயில் இறங்கிய பிறகு ஸ்விட்சைப் போடுங்கள். துவைக்கும்போது பிழிதலை நிமிஷத்துக்கு 1200 சுற்றுக்கு மேல் வையுங்கள், டிரையருக்கு வேலை பாதி குறையாவிட்டாலும் நன்றாகவே குறையும்.

உடுமலைக்காரன்

வாங்கிய பிறகு முதல் இரண்டு மாத பில்லையும் போன வருஷ பில்லையும் இங்கே போடுங்கள் தம்பி. என் கணக்கு எவ்வளவு சரி என்று பார்க்கிறேன்.